மேல்காற்றுப் பக்கம் நாற்காலி போடுங்கள்

கப்பல் சுற்றுலாவில் கடைசி நாள் வீண் என்று சொல்கிறவர்களோடு எனக்கு இனிமேல் பேச்சு வார்த்தையே கிடையாது. "அன்னிக்கு எந்த ஊர்லயும் நிறுத்த மாட்டான். சும்மா தண்ணியில மிதக்கணும். அதுக்கும் சேர்த்துக் காசை வாங்கிடுறான்" என்று தஞ்சாவூரில் எனக்குப் புத்தி சொன்னவர்கள் நிறையப் பேர். மிதப்பதற்குத்தானே ஐயா கப்பல்? ஊர் பார்க்க வேண்டுமென்றால் ரயிலில் போகலாமே! அந்தக் கடைசி நாள், சுற்றிலும் தண்ணீரைத் தவிர எதுவும் தெரியாத அந்த ஒரு முழு நாள், அதற்காக மட்டும் மறுபடி பணம் கட்டு என்றால் கட்டுவேன்.

காவிரி டெல்டாக்காரர்களுக்கு அது இன்னும் விசேஷம். காரணம் சொல்கிறேன்.

அதற்கு முன் நாங்கள் போன கப்பலைச் சொல்லிவிடுகிறேன். கார்டீலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஓட ஆரம்பித்தது. முதல்வர் ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். மறு ஆண்டு ஜூன் 5-ஆம் தேதி இலங்கைக்கும் விட்டார்கள். அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று மூன்று துறைமுகங்களின் பெயர் அடிபட்டது. கப்பல் புதிதல்ல. 1990-ல் பிரான்சில் நார்டிக் எம்ப்ரஸ் என்ற பெயரில் பிறந்து, அமெரிக்கப் பக்கத்துக் கடல்களிலெல்லாம் உழைத்துவிட்டு நம்மிடம் வந்திருக்கிறது. 211 மீட்டர் நீளம். தஞ்சைப் பெரிய கோயில் திருச்சுற்று சுமார் 240 மீட்டர். அதைவிடக் கொஞ்சம்தான் குறைச்சல். மேல்தளத்தில் அதிகாலையில் நடக்கும்போது பிராகாரம் சுற்றுகிற மாதிரியே இருந்தது. என்னையறியாமல் வலமாகத்தான் சுற்றிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் போனது ஆடி மாதம். நான், என் மனைவி, திருத்துறைப்பூண்டி அத்தை. அம்பாந்தோட்டைப் பக்கம் கடல் கொஞ்சம் ஆட்டியது. தென்மேற்குப் பருவக்காற்று இலங்கையின் தெற்குக் கரையில் நேராக வந்து மோதுகிற காலம் அது. கிழக்குக் கரைக்குத் திரும்பியதும் தீவே காற்றுக்குக் குறுக்கே நின்று மறைத்துக்கொள்ள, ஆட்டம் அடங்கிவிட்டது. திருகோணமலையில் கோணேஸ்வரரைப் பார்த்தோம். பாறை உச்சியில் கோயில், கீழே செங்குத்தாகக் கடல். அதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும், இப்போது வேண்டாம். சாயங்காலம் கப்பல் கிளம்பியது.

திருகோணமலைக்கும் சென்னைக்கும் கடல் வழி ஏறத்தாழ ஐந்நூறு கிலோமீட்டர். கப்பல் நினைத்தால் ஒரே ராத்திரியும் கொஞ்சம் பகலுமாக ஓடி முடித்துவிடும். ஆனால் சென்னையில் இறக்கிவிட வேண்டியது அதற்கும் மறுநாள் காலையில்தான். அதனால் அதற்கு அவசரமே இல்லை. மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் அளவில் நிதானமாக வடக்கே போகிறது. அப்படிப் போகும்போது இடது கைப் பக்கம், கண்ணுக்கு எட்டாத தூரத்தில், என்ன இருக்கிறது தெரியுமா? கோடியக்கரை, வேதாரண்யம், வேளாங்கண்ணி, நாகப்பட்டினம், நாகூர், காரைக்கால், தரங்கம்பாடி, பூம்புகார், பழையாறு. நம் டெல்டா முழுவதும் வரிசையாக, தெற்கிலிருந்து வடக்காக, ஒரு பகல் பொழுதுக்குள் நம்மைக் கடந்து போகிறது. இதைக் கப்பலில் யாரும் ஒலிபெருக்கியில் அறிவிக்கவில்லை. அறிவித்திருந்தால் அன்றைக்குக் கப்பல் இடது பக்கமாகச் சாய்ந்திருக்கும்!

நான் கண்டுபிடித்தது கைபேசியால். சிக்னல் கிடையாது. ஆனால் வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் ஜி.பி.எஸ். நடுக்கடலிலும் வேலை செய்யும். காலையில் எழுந்து மேல்தளத்தில் போய்ப் பார்த்தால், நீலப் புள்ளி கோடியக்கரை மூக்குக்கு நேர் கிழக்கே நிற்கிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பொன்னியின் செல்வன் படித்த யாருக்கும் கோடியக்கரை என்றால் பூங்குழலிதான். அவள் படகு வலித்த கடலின் ஓரத்தில் நான் கையில் காபியோடு நிற்கிறேன், துடுப்புப் போடாமல், நோகாமல்.

கரை தெரிந்ததா என்று எல்லோரும் கேட்கிறார்கள். தெரியாது. கப்பல் போகும் பாதை நம் கரையிலிருந்து நூறு கிலோமீட்டர் அளவுக்கு விலகி இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து முப்பது மீட்டர் உயரத்தில் நின்றாலும் அடிவானம் இருபது கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். போதாததற்கு நம் கரை தட்டை. மலை இல்லை, குன்று இல்லை. கிட்டப் போனாலும் தென்னந்தலைதான் முதலில் தெரியும். அதனாலென்ன? தெரியாமல் இருப்பதுதான் சுவாரசியமே. அத்தைக்கு வரைபடமெல்லாம் தேவைப்படவில்லை.

"ஏம்ப்பா, இப்ப எங்க வந்துருக்கோம்?"

"வேளாங்கண்ணிக்கு நேர் அத்தை."

"அப்ப வெள்ளையாறு. அடுத்து நாகப்பட்டினம், கடுவையாறு. நாகூர்ல வெட்டாறு. காரைக்கால்ல அரசலாறு."

ஆறு கடலில் விழுகிற இடமாக வரிசை தப்பாமல் சொல்லிக்கொண்டே வந்தார்கள். வாழ்நாள் முழுக்க வாய்க்கால் பாசனத்தில் விவசாயம் பார்த்த குடும்பம். எந்த ஆற்றில் எத்தனை நாள் முறை, எந்த மதகு எப்போது திறக்கும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் அந்த ஆறுகள் எல்லாம் கடைசியில் வந்து சேர்கிற இடத்தின் பக்கமாக உட்கார்ந்து, கிழக்கிலிருந்து மேற்கே பார்த்து அவற்றை எண்ணுவது அவர்களுக்கே புதுசு. முக்கொம்பில் கொள்ளிடமாகப் பிரிந்து, கல்லணையில் வெண்ணாறாகப் பிரிந்து, அப்புறம் கிளைக்குக் கிளை பிரிந்து ஊர் ஊராக நெல்லுக்குப் பாய்ந்து, மிச்சம் இருந்தால் பூம்புகாரில் கடலைத் தொடுகிற காவிரியைத் தலைகீழாகப் படிப்பது போல் ஒரு நாள் முழுக்கப் படித்தோம். பூம்புகார் நேருக்கு வந்தபோது மதியம் ஆகியிருந்தது. அத்தை எழுந்து நின்று மேற்கே ஒரு கும்பிடு போட்டார்கள். பக்கத்தில் நீச்சல்குளத்தில் குதித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் வேடிக்கை பார்த்தன. அதற்குள் வேறு இரண்டு குடும்பங்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு எங்கள் பக்கம் வந்துவிட்டன. ஒன்று காரைக்கால், ஒன்று மன்னார்குடி. அப்புறம் அங்கே கப்பல் எங்கே இருந்தது? டெல்டா பாசஞ்சர் வண்டி மாதிரி ஆகிவிட்டது.

காற்றைச் சொல்லாமல் விட்டால் பாவம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, அந்த மேல்காற்று நம் வயல்களைத் தாண்டி, கரையைத் தாண்டி, நேராகக் கப்பலின் இடப்பக்கத்துக்கு வருகிறது. நான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் கடற்கரை எண்பது கிலோமீட்டர். அங்கிருந்து கப்பலுக்கு நூறு. மணிக்கு முப்பது கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால், விடியற்காலை ஐந்து மணிக்கு எங்கள் கீழவாசல் மொட்டைமாடியில் துணி ஆட்டிய காற்று பதினொரு மணிக்கு என் முகத்தில். "நாத்தங்கால் வாசம் வருதுப்பா" என்றார்கள் அத்தை. அறிவியல் ஒத்துக்கொள்ளாது. எனக்கும் வந்தது.

தண்ணீரின் நிறம்! நாகப்பட்டினம், வேளாங்கண்ணி கடற்கரையில் நாம் பார்க்கிற கடல் கலங்கல். ஆறுகள் கொண்டுவந்த வண்டலும், அலை கிளறிவிடும் மணலும் கலந்து, டீத்தண்ணி நிறத்தில் இருக்கும். அதைத்தான் கடல் என்று நம்பி நாற்பது ஐம்பது வருஷம் ஓட்டியிருக்கிறோம். ஆழ்கடலில் வண்டல் கிடையாது. பேனா மை கொட்டியது போன்ற நீலம், கப்பல் கிழித்துக்கொண்டு போகும் இடத்தில் மட்டும் இளம்பச்சையாகி வெள்ளையாக நுரைக்கிறது. கைப்பிடிக் கம்பியில் சாய்ந்து அந்த ஒரு கோட்டை மட்டும் ஒரு மணி நேரம் பார்த்தேன். அலுக்கவில்லை. மனைவி வந்து சாப்பிடக் கூப்பிட்டாள். அப்போதுதான் கோலா கிளம்பியது.

பறவைக்கோலா. நாகை, காரைக்கால் பக்கத்தில் மீன் வாங்குகிறவர்களுக்குத் தெரியும். ஏலக்கூடத்தில் செத்துக் கிடக்கும்போது அது ஒரு சாதாரண மீன். இங்கே கப்பல் வருகிற அதிர்வில் மிரண்டு, ஒரு சாண் நீள உடம்பு தண்ணீரைவிட்டுக் கிளம்புகிறது. வாலின் அடிநுனி மட்டும் தண்ணீரில் இருக்க, அதை வெடவெடவென்று அடித்துக்கொண்டு நீர்ப்பரப்பில் ஒரு கோடு போடுகிறது. வேகம் வந்ததும் வாலையும் எடுத்துவிட்டு, மார்புத் துடுப்பு இரண்டையும் விரித்தபடி அலைக்கு மேலே ஒட்டினாற்போல் வழுக்கிப் போகிறது. வேகம் குறைந்தால் மறுபடி வாலை மட்டும் இறக்கி இன்னொரு தட்டு, இன்னொரு ஓட்டம். ஒன்று கிளம்பினால் பின்னாலேயே பத்து, இருபது. காரைக்கால் குடும்பத்து அம்மா பரபரப்பாகிவிட்டார்கள். கோலாவுக்குப் போகிறவர்கள் தழைக் கொத்துகளைக் கட்டிக் கடலில் மிதக்கவிடுவார்களாம். அதில் முட்டையிட மீன் கூட்டமாக வரும்போது வலை போட்டு அள்ளுவார்களாம். "கருவாடு போட்டா ஒரு வருஷம் கெடக்கும் தம்பி" என்று அவர்கள் முடிப்பதற்குள், கடலைப் பார்த்துக்கொண்டிருந்த அத்தனை பேருக்கும் பசி வந்துவிட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் தூங்கப் போனார்கள். அத்தையும் நானும் மட்டும் மேலே. அப்போதுதான் ரஜூலா கதை வந்தது. அத்தையின் மாமனார் மலேயாவுக்குப் போய்வந்தவர். தஞ்சை மாவட்டத்தில் வீட்டுக்கு ஒரு ரஜூலா கதை இருக்கும். 1926-ல் கட்டிய கப்பல். 1970-களின் தொடக்கம் வரை சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று நம் சனங்களைச் சுமந்தது. பெரும்பாலோர் அறை இல்லாத தளப் பயணிகள், பாயும் பெட்டியுமாக. அப்புறம் எம்.வி. சிதம்பரம் வந்தது, எண்பதுகளின் நடுவில் அதுவும் போயிற்று. நாகையில் பெரிய கப்பலைக் கரையோடு கட்டும் ஆழம் கிடையாது. தள்ளி நங்கூரம் போட்டுவிட்டுப் படகில்தான் கரைக்கு இறக்குவார்கள். நாகை நெருங்குவதற்கு முந்தின நாள் தளத்தில் யாருமே படுக்க மாட்டார்கள் என்று மாமனார் சொல்வாராம். எல்லாரும் மேற்கே பார்த்து நிற்பார்களாம். சிங்கப்பூர்ச் சோப்பும் சட்டைத் துணியும் பெட்டியில்; கண் மட்டும் கரை தெரியாத திசையில். 1025-ல் கடாரம் போய்த் திரும்பிய ராஜேந்திர சோழனின் படைக்காரர்களும் இந்தத் திசையைத்தான் பார்த்திருப்பார்கள். மெய்க்கீர்த்தி அவர்கள் வென்ற ஊர்களின் பட்டியலைச் சொல்கிறது, திரும்பி வந்த நாளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எனக்கு அதில் வருத்தம்தான்.

சாயங்காலம் ஒரு அதிசயம். நாம் கிழக்குக் கடற்கரைக்காரர்கள். கடலிலிருந்து சூரியன் எழுவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள். கடலில் அது விழுவதைப் பார்க்க வேண்டுமென்றால் கன்னியாகுமரிக்கோ கேரளத்துக்கோ போக வேண்டும். அன்றைக்குக் காலையில் கப்பலின் வலப்பக்கத்தில் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்த சூரியன், சாயங்காலம் இடப்பக்கத்தில் தண்ணீருக்குள்ளேயே இறங்கியது. அதே வங்காள விரிகுடா! கரைதான் அடிவானத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டதே. கடலூருக்கு நேராக இருந்தோம் அப்போது. காலை ஐந்தே முக்காலுக்கு எழுப்பிவிட்டதற்காக என்னைத் திட்டிய என் மனைவி, ஆறரை மணிக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டையும் பார்த்தாச்சு" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு மனதாரப் பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

ராத்திரியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரங்கத்தில் ஆட்டம் பாட்டம் உண்டு, பார்க்கலாம். பெட்டிகளைக் கட்டிச் சீட்டு மாட்டி அறை வாசலில் வைத்துவிட வேண்டும்; காலையில் போட வேண்டிய துணியையும் அதற்குள் வைத்துப் பூட்டிவிடாதீர்கள். கணக்கு வழக்கை அன்றைக்கே பார்த்துவிட்டால் மறுநாள் வரிசையில் நிற்க வேண்டாம். பகலில் கடைகளில் கழிவு விலை என்று கூப்பிடுவார்கள், போகாதீர்கள். பகல் உங்களுடையது.

போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், இதைப் பயண முகவர்கள் சொல்ல மாட்டார்கள். அறை எடுக்கும்போது கப்பலின் முகத்தை நோக்கி நின்றால் இடது கைப் பக்கம் வருகிற ஜன்னல் அறையாகக் கேளுங்கள். போகும்போது கப்பல் தெற்கே போவதால் உங்கள் ஜன்னல் கிழக்கே பார்க்கும், படுத்தபடியே சூரியோதயம். திரும்பும்போது அதே ஜன்னல் மேற்கே, நம் ஊரைப் பார்க்கும். வரைபடத்தைச் சென்னையிலேயே கைபேசியில் இறக்கிக்கொள்ளுங்கள். கடைசி நாள் காலையில் சீக்கிரமே மேல்தளத்துக்குப் போய், இடது பக்கம் நாற்காலி போட்டுத் துண்டை விரித்துவிடுங்கள். பத்து மணிக்கு மேல் இடம் கிடைக்காது. கும்பகோணத்துக்காரர்கள் வந்துவிடுவார்கள்.