வாயிற்கதவு மூடப்பட்ட பின்

நமது முற்போக்குச் சிறுகதைகளில் ஆலை மூடப்படும் காட்சி பழக்கமானது. வாயிலில் அறிவித்தல் தொங்கும்; தொழிலாளர் திரள்வர்; ஒரு கை உயரும்; கதை முடியும். மறுநாட் காலை அத்தொழிலாளி எதற்காக எழுந்தான் என்று எழுத்தாளர் கேட்பதில்லை. (இத்தகைய கதைகளையே வகுப்பில் முன்மாதிரியாகக் காட்டியவர்கள் நாமும்.)

அக்கேள்வியைக் கேட்ட நூலொன்று 1933இல் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. மரீ யஹோடாவும் அவர்தம் தோழர் இருவரும் ஒஸ்திரியாவின் மரியந்தால் என்னும் நெசவாலைக் கிராமத்தை ஆராய்ந்து எழுதியது அது. ஆலை மூடப்பட்டபின் நூல்நிலையத்தில் கட்டணமின்றியே நூல்கள் வழங்கப்பட்டன. எனினும் 1929க்கும் 1931க்குமிடையில் இரவல் பெறப்பட்ட நூல்களின் தொகை ஏறக்குறையப் பாதியாயிற்று. ஓய்வு கிடைத்தால் பாட்டாளி படிப்பான் என நம்பும் நம்போன்ற ஆசிரியர்க்கு இது கசப்பான செய்தியே. வீதியிலே நடையின் வேகத்தையும் அவர்கள் அளந்தனர். ஆண்கள் நின்று நின்று சென்றனர், பெண்கள் விரைந்தனர். ஆலைவேலை போயினும் அடுப்புவேலை போகவில்லை அல்லவா! ஆய்வாளர் வேடிக்கை பார்க்கச் செல்லவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. உடை வழங்கினர், இலவச மருத்துவ உதவிக்கு வழிசெய்தனர்.

வேலணையிலிருந்து இதனைப் படிக்கும் நமக்குக் காங்கேசன்துறை நினைவுக்கு வருகின்றது. அங்குள்ள சீமெந்துத் தொழிற்சாலை 1990இல் போரினால் நின்றது. இடப்பெயர்வைப் பற்றிக் கதைகள் பல எழுந்தன. இயந்திரத்தை இழந்த கைகளை அவற்றுள் தேடவேண்டியிருக்கின்றது.

வேலையிழப்போர்க்கு ஆலோசனை என்றதும் நண்பர் சிலர் நகைப்பர்: ஆறுதல் வயிற்றை நிரப்புமா? நியாயமான கேள்விதான். இந்தியாவில் 1992இல் அமைக்கப்பட்ட தேசியப் புதுப்பித்தல் நிதி ஆலோசனை, மறுபயிற்சி, மாற்றுவேலை என மூன்றையும் வாக்களித்தது. பணத்தின் பெரும்பகுதியோ 'விருப்ப ஓய்வு' என்ற பெயரில் ஆட்களை வெளியேற்றவே செலவாயிற்று. 2000இல் நிதியும் கலைக்கப்பட்டது. தொழிலாளியின் மனத்தில்தான் குறையுண்டு என்று போதிக்கும் ஆலோசனை முதலாளிக்குச் செய்யும் சேவையே.

ஆனால் வேறொன்றும் உண்டு. இலங்கையில் 1971ஆம் ஆண்டின் வேலைநீக்கச் சட்டப்படி, 15 பேருக்குக் குறையாத நிறுவனத்தில் முந்திய ஓராண்டினுள் 180 நாட்களேனும் பணிபுரிந்தவரை ஆட்குறைப்பின்பேரில் நீக்குவதற்கு அவரது எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். சம்மதம் எனும் அச்சொல்லில்தான் வஞ்சகம் நுழைகின்றது. கடன்பட்டவன் தனித்திருந்து கையொப்பமிடுகின்றான். அவன் அருகிலமர்ந்து தாளை வாசித்து, நட்டஈட்டைக் கணக்கிட்டு, மனைவியையும் அழைத்துப் பேசும் சங்கத் தோழர் செய்வதும் ஆலோசனையே. கையொப்பத்துக்கு முந்திய அவ்விரவு ஒரு சிறுகதைக்குப் போதாதா?