வானத்தைப் பேசலாம், நிலத்தைப் பேசக்கூடாது: இளையோர் எதிர்ப்பும் நமது பொதுப்புத்தியும்

1

‘படிக்கிற வயசுல இதெல்லாம் எதுக்கு?’ இளையோர் போராட்டம் எதுவானாலும் தமிழ்ச் சூழலில் முதலில் எழும் வாக்கியம் இது. வீரசோழன் சந்தைக்கு ஆடு பிடிக்க வந்தவர் இதைச் சொல்லலாம். அருப்புக்கோட்டை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொல்லலாம். தொலைக்காட்சியில் ஓய்வுபெற்ற அதிகாரி சொல்லலாம். யார் வாயிலிருந்து வந்தாலும் பேசுவது பொதுப்புத்திதான். காலநிலை மாற்றத்தை முன்வைத்துத் தெருவுக்கு வரும் பிள்ளைகளை நமது சமூகம் எப்படிப் பார்க்கிறது என்று அறிய, இந்த வாக்கியத்தையும் இதன் பங்காளிகளையும் ஒரு பிரதியாக எடுத்துக்கொண்டு வாசிக்க வேண்டியிருக்கிறது. கருத்துக்கணிப்பு எண்களைவிட இவை அதிகம் சொல்லும் என்பது என் எண்ணம்.

பங்காளிகள் மூவர். ‘சின்ன வயசுல என்னா அறிவு’ என்பது பாராட்டு. ‘பாவம், புள்ளைகள எவனோ தூண்டி விடுறான்’ என்பது இரக்கம். ‘சமூக விரோதி ஊடுருவிட்டான்’ என்பது அச்சம். பார்வைக்கு இவை வெவ்வேறு மனநிலைகள். ஆனால் செய்கிற வேலை ஒன்று. பாராட்டு, பேச்சை விட்டுவிட்டுப் பேசுகிறவரின் வயதைப் பார்க்கிறது. இரக்கம், பேச்சைப் பிடுங்கி வேறொருவன் வாயில் வைக்கிறது. அச்சம், பேசியவரையே கூட்டத்திலிருந்து கழித்துவிடுகிறது. ‘அந்தப் புள்ள என்ன சொல்லுச்சு?’ என்ற கேள்விக்கு மூன்றிலும் இடமில்லை.

அப்படியானால் யாருக்குப் பாராட்டு, யாருக்கு வழக்கு என்பதை எது தீர்மானிக்கிறது? வயது அல்ல என்பதைக் கீழே வரும் உதாரணங்கள் காட்டும்.

2

2021ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். பிப்ரவரி 13 அன்று பெங்களூருவில் திஷா ரவி கைது செய்யப்பட்டார். ‘ஃப்ரைடேஸ் ஃபார் ஃப்யூச்சர்’ இயக்கத்தை இந்தியாவில் தொடங்கியவர்களில் ஒருவர். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்தவர். தில்லி எல்லையில் நடந்துகொண்டிருந்த விவசாயிகள் போராட்டத்துக்கு ஆதரவு திரட்டும் ஓர் இணைய ஆவணத்தைத் திருத்தினார் என்பதற்காகத் தேசத்துரோக வழக்கு. பத்து நாள் கழித்துப் பிணை கொடுத்த தில்லி நீதிமன்றம், அரசின் கொள்கையோடு உடன்படவில்லை என்பதற்காக மட்டும் குடிமக்களைச் சிறையில் வைக்க முடியாது என்ற பொருளில் எழுதியது.

அதே ஆண்டு நவம்பர் 2 அன்று கிளாஸ்கோவில் நடந்த ஐ.நா. காலநிலை மாநாட்டில் திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர் பேசினார். தெருவோர இஸ்திரி வண்டிக்குக் கரிக்குப் பதிலாகச் சூரிய மின்சாரம் என்று வடிவமைத்தவர். தலைவர்களின் வெற்று வாக்குறுதிகளால் தன் தலைமுறை கோபமாக இருக்கிறது, அதற்கு எல்லாக் காரணமும் இருக்கிறது, ஆனால் தனக்குக் கோபப்பட நேரமில்லை என்பது அவர் பேச்சின் சாரம். நிலக்கரியும் எண்ணெயும் தாங்கி நிற்கும் உலகப் பொருளாதாரத்தை ஆதரிக்காதீர்கள் என்றும் அவர் கேட்டுக்கொண்டார். நம் பத்திரிகைகள் கொண்டாடின. கொண்டாட வேண்டியதுதான். ஆனால் கொண்டாட்டத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது ‘கோபப்பட நேரமில்லை’ என்ற பாதி மட்டும். கோபத்துக்குக் காரணம் இருக்கிறது என்ற பாதி எவர் காதிலும் ஏறவில்லை. பெரியவர்கள் விரும்புவது கோபப்படாத பிள்ளையை. அந்த மாணவி சொன்னதிலிருந்து அவர்கள் அப்படியொரு பிள்ளையைத் தயாரித்துக்கொண்டார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, திஷாவும் பனிப்பாறை உருகுவதைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்திருந்தால் மேடையும் பொன்னாடையும் கிடைத்திருக்கும் என்பது. அவர் சார்ந்த இயக்கத்தின்மேல் போலீசின் கண் விழுந்தது 2020இல். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கைக்கு எதிராக அமைச்சருக்கு மின்னஞ்சல் அனுப்பும் இயக்கத்தை அவர்கள் நடத்தியபோது, அவர்களது இணையதளத்தைக் குறித்து ஊபா சட்டத்தைச் சுட்டி நோட்டீஸ் போனது. பிறகு அது தவறுதலாக அனுப்பப்பட்டது என்று திரும்பப் பெறப்பட்டது. எந்த ஆலைக்கு, எந்தச் சுரங்கத்துக்கு, யாரைக் கேட்காமல் அனுமதி என்ற இடத்துக்குப் பேச்சு வந்ததும் பிள்ளைகள் பயங்கரவாதிகளாகத் தெரியத் தொடங்கினார்கள்.

தமிழ்நாட்டில் இதற்கு முந்திய உதாரணம் உண்டு. 2017 ஜூலையில் சேலத்தில் வளர்மதி என்ற மாணவி துண்டறிக்கை கொடுத்தார். நெடுவாசல், கதிராமங்கலம் மக்களுக்கு ஆதரவான துண்டறிக்கை. குண்டர் சட்டம் பாய்ந்தது. செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2020 பிப்ரவரியில் அதே தமிழக அரசு காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆக்கிச் சட்டம் நிறைவேற்றி, புதிய ஹைட்ரோகார்பன் திட்டங்களுக்கு அங்கே தடை போட்டது. 2017இல் துண்டறிக்கையாக இருந்தபோது குண்டர் சட்டம். 2020இல் மசோதாவாக வந்தபோது மேசை தட்டல். துண்டறிக்கை கொடுத்த பெண்ணிடம் ‘நீ சொன்னது சரிதாம்மா’ என்று அரசோ பொதுப்புத்தியோ போய்ச் சொன்னதாகத் தெரியவில்லை.

‘முறையா மனுக் குடுக்க வேண்டியதுதானே’ என்பார்கள். கொடுத்தாயிற்று. உத்தரகாண்டைச் சேர்ந்த ரிதிமா பாண்டே தன் 9 வயதில், 2017இல், அரசு காலநிலை குறித்துப் போதுமான நடவடிக்கை எடுக்கவில்லை என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மனுப் போட்டார். 2019இல் தள்ளுபடி.

ஆக, வானத்தைப் பேசினால் கைதட்டு. நிலத்தையும் அதன் மேல் கை வைக்கிறவனையும் பேசினால் கைது. பாராட்டுக்கும் வழக்குக்கும் இடையில் ஓடுகிற வரப்பு இதுதான்.

3

‘சமூக விரோதி’ என்ற சொல்லின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்கலாம். 2017 ஜனவரி 10 அன்று தமிழ்நாட்டின் 32 மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது. முந்திய ஆண்டின் வடகிழக்குப் பருவமழை அப்படிப் பொய்த்திருந்தது. ஒரு வாரத்தில் மெரினாவில் இளைஞர்கள் கூடினார்கள், ஜல்லிக்கட்டுக்காக. தமிழ்ப் பொதுவெளி அதுவரை எந்த இளைஞர் கூட்டத்துக்கும் காட்டாத அன்பைக் காட்டியது. வீடுகளிலிருந்து சோறு வந்தது. ‘மாணவர் எழுச்சி’ என்று தலைப்புகள் வந்தன. அந்தக் கூட்டத்தில் விவசாயிகளின் சாவைப் பற்றியும், அந்நியக் குளிர்பானங்களைப் பற்றியும், தண்ணீரைப் பற்றியும் பேச்சு திரும்பிக்கொண்டிருந்தது. காளையோடு நின்றிருந்தால் பண்பாடு. தண்ணீருக்கு வந்ததால் அரசியல். ஜனவரி 23 அன்று கூட்டம் கலைக்கப்பட்டபோது உள்ளே சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள் என்றது போலீஸ். நேற்றுவரை சோறு கொடுத்தவர்களில் பலர் இதை ஏற்றுக்கொண்டதுதான் முக்கியம்.

அடுத்த ஆண்டு மே 22இல் தூத்துக்குடி. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான ஊர்வலத்தில் துப்பாக்கிச் சூடு. 13 பேர் இறந்தனர். அவர்களில் ஸ்னோலின் என்ற பதின்வயதுப் பெண்ணும் உண்டு. ஒரு வாரம் கழித்து அங்கே போன நடிகர் ரஜினிகாந்த், சமூக விரோதிகள் ஊடுருவியதால்தான் இது நடந்தது என்றும், எதற்கெடுத்தாலும் போராட்டம் என்றால் தமிழ்நாடு சுடுகாடாகிவிடும் என்றும் பேசினார். சுடுகாடு பார்த்து வந்த ஊருக்குப் போய்விட்டு வந்து சொன்ன சொல். 2022இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை குறை கண்டது போலீஸ் அதிகாரிகளிடமும் நிர்வாகத்திடமும். ஆனால் சொல் அதற்குள் தன் வேலையை முடித்திருந்தது. ‘ஊடுருவல்’ என்ற உருவகம் பெரியவர்களுக்கு ஒரு வசதி. நம்ம புள்ள நல்ல புள்ள, நடுவில் புகுந்தவன்தான் கெட்டவன் என்று அன்பையும் துப்பாக்கியையும் ஒரே மனசுக்குள் வைத்துக்கொள்ள அது இடம் கொடுக்கிறது.

4

இதுவரை சொன்னதோடு நிறுத்தினால் பெரியவர்கள் பிற்போக்கு, இளையவர்கள் முற்போக்கு என்ற எளிய எதிர்வு கிடைக்கும். எங்கள் வறண்ட பூமியில் அந்த எதிர்வு நிற்காது. நரிக்குடி, வீரசோழன், திருச்சுழிப் பக்கம் ‘படிக்கிற வேலையப் பாரு’ என்று ஒரு அத்தாவோ அய்யாவோ சொல்லும்போது அதில் அதிகாரம் மட்டும் இல்லை. 2018இல் சுவீடனில் கிரேட்டா துன்பெர்க் பள்ளிக்குப் போகாமல் நாடாளுமன்றத்தின் முன் உட்கார்ந்ததை உலகம் ஒரு எதிர்ப்புக் குறியாக வாசித்தது. விருதுநகர் மாவட்டத்தில் பள்ளிக்குப் போகாத பிள்ளை என்றால் வேறு குறி. விடியுமுன் ஊர் ஊராக வந்த தீப்பெட்டி ஆபீஸ் வண்டியில் ஏறிப்போன பிள்ளை அது. 1990இல் வந்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் அந்தப் பிள்ளைகளைப் பற்றியதுதான். அதற்குப் பிறகும் ‘சுமங்கலித் திட்டம்’ என்ற பெயரில் மேற்கே நூற்பாலைகளுக்குப் பெண்பிள்ளைகள் போனார்கள். பள்ளிக்கூட பெஞ்சில் ஒரு பெண் உட்காருவதே இங்கே ஒரு போராட்டத்தின் முடிவு. அந்த பெஞ்சைக் காலி செய்துவிட்டு வா என்று எந்தக் கோட்பாடு சொன்னாலும் அந்தத் தாய்க்கு வயிறு எரியும்.

இன்னொன்றும் இருக்கிறது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் மாணவர் தலைவர் பெ. சீனிவாசன் 1967 தேர்தலில் விருதுநகரில் காமராசரை 1,285 வாக்கில் தோற்கடித்தார். மதிய உணவு போட்டுப் பள்ளிக்கூடம் திறந்தவரை, பள்ளிக்கூடத்திலிருந்து கிளம்பி வந்த தலைமுறை வீழ்த்தியது. அந்தப் போராட்டத்தின் நியாயம் வேறு விஷயம். மொழிக் கொள்கையில் அது சாதித்தது பெரிது. ஆனால் ‘காமராசரையே தோக்கடிச்ச ஊரு’ என்ற வசை இந்தச் சீமை முழுக்க இன்னும் காதில் விழுகிறது. மாணவர் போராட்டம் என்றாலே நன்றிகெட்ட செயல் என்று தோன்றும் ஒரு குற்றவுணர்வு எங்கள் பக்கத்து முதியவர்களிடம் படிந்திருக்கிறது. பொதுப்புத்திக்கும் வட்டாரம் உண்டு.

இதே வட்டாரம் பள்ளியை விட்டுப் போன ஒரு பையனைக் கும்பிடவும் செய்கிறது. திருச்சுழியில் பிறந்த வேங்கடராமன், மதுரையில் படித்துக்கொண்டிருந்தபோது 1896இல், அண்ணனின் கல்விக் கட்டணத்துக்கு இருந்த 5 ரூபாயில் 3 ரூபாயை எடுத்துக்கொண்டு, சீட்டு எழுதி வைத்துவிட்டுத் திருவண்ணாமலைக்கு ரயிலேறினார். ரமண மகரிஷி ஆனார். அவரும் ‘படிக்கிற வயசில்’ போனவர்தான். அவர் எதையும் யாரிடமும் கேட்கவில்லை என்பதுதான் நமக்கு வசதி. உலகத்தைத் துறக்கிற பிள்ளையை மன்னிக்கிறோம். உலகத்தைத் திருப்பிக் கேட்கிற பிள்ளையைத்தான் தாங்க முடிவதில்லை.

5

ஏன் தாங்க முடிவதில்லை? எங்கள் ஊர்களில் படிப்பு எதற்கு என்ற கேள்வியில் விடை இருப்பதாக எனக்குப் படுகிறது. படிப்பு, ஊரை விட்டுப் போவதற்கு. கண்மாய் நிறையாத வருஷங்கள் சேர்ந்து சேர்ந்து, கிருதுமாலில் எப்போது தண்ணீர் வரும் என்று பார்த்துப் பார்த்து, மிளகாயும் பருத்தியும் கைவிட்டு, காடெல்லாம் சீமைக்கருவேலம் ஏறி, கரிமூட்டம் போட்டுப் பிழைத்த ஒரு தலைமுறை, ‘இந்தக் கரிசல் என்னோட போகட்டும்’ என்று பிள்ளையைப் படிக்க வைத்தது. திருப்பூர், சென்னை, வளைகுடா என்று எங்காவது தப்பித்துப் போய்விடு என்பதுதான் அந்த மார்க் ஷீட்டின் அர்த்தம்.

காலநிலையைப் பற்றிப் பேசும் பிள்ளை சொல்வது, தப்பிப் போக இடமில்லை என்பது. 2015இல் சென்னை மூழ்கியது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. வளைகுடாவின் வெயிலில் நின்று வேலை பார்க்கிறவர் வீட்டுக்குப் போனில் சொல்லும் செய்தியும் வேறல்ல. வாழ்நாள் உழைப்பையெல்லாம் ‘வெளியேறு’ என்ற ஒரே சொல்லில் போட்டுவைத்த தகப்பனிடம், போகிற இடமும் இதே கதிதான் என்று மகள் சொன்னால், அவருக்குக் கோபம் வருகிறது. அவளுடைய அறிவியல் தவறு என்பதால் வருகிற கோபம் இல்லை. தான் பட்ட பாட்டுக்கு இனி என்ன கணக்கு என்ற பயம். ‘எவனோ தூண்டி விடுறான்’ என்பது அந்தப் பயத்துக்குக் கிடைத்த மலிவான மருந்து.

இதைப் புரிந்துகொள்வது இதற்கு அடங்கிப் போவதாகாது. ஏனென்றால் நிலத்தைப் பேசாமல் இருந்ததன் விளைவு பக்கத்திலேயே இருக்கிறது. கமுதிப் பக்கம் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. சுமார் 2,500 ஏக்கர். ஒரே இடத்தில் அமைந்தவற்றில் உலகிலேயே பெரியது என்று அப்போது சொன்னார்கள். காலநிலைக்கு நல்லது என்ற கணக்கில் அது சேரும், சேரட்டும். மேய்ச்சல் காடு என்ன ஆனது, தண்ணீர் வரத்து ஓடைகள் எங்கே போயின, மானாவாரி நிலத்துக்கு யார் விலை வைத்தார்கள் என்ற கேள்விகள் அந்தக் கணக்கில் இல்லை. 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம், காலநிலை மாற்றத்தின் பாதிப்பிலிருந்து விடுபட்டிருப்பது அடிப்படை உரிமைகளில் அடங்கும் என்றது. அதைச் சொன்னது கானமயில் பறவைக்கும் சூரிய மின்கம்பிகளுக்கும் இடையிலான ஒரு வழக்கில், கம்பிக்காரர்களுக்குச் சாதகமாக முந்திய உத்தரவைத் தளர்த்தும்போது. ‘பசுமை’ என்ற பெருங்கதையாடலிலும் நிலத்துக்காரனுக்குப் பேசும் வேடம் தரப்படவில்லை. நாளைக்கு நரிக்குடியிலிருந்து ஒரு கல்லூரிப் பெண் சூரிய மின்சாரமும் வேண்டும், எங்கள் ஓடையும் வேண்டும் என்று துண்டறிக்கை அடித்தால் அவளுக்கு எந்தப் பெயர் கிடைக்கும் என்பதை ஊகிக்கலாம்.

2025இல் ராமநாதபுரம் பகுதியில் 20 ஹைட்ரோகார்பன் ஆய்வுக் கிணறுகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்த செய்தி வெளியே வந்து எதிர்ப்பு எழுந்ததும், மாநில அரசு இதை அனுமதிக்க மாட்டோம் என்றது. எதிர்ப்பு இல்லாமல் அந்த வாக்கியம் வந்திருக்காது. தெருவுக்கு வருகிறவர்களைப் பற்றிய நமது தீர்ப்பை அந்த இடத்திலிருந்து மறுபடி எழுதலாம்.

செய்யக்கூடிய காரியம் ஒன்று உண்டு. மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று தமிழ்நாட்டுக் கிராம சபைகள் கூடுகின்றன. ஓட்டுரிமை உள்ளவர்களின் சபை அது. பள்ளிப் பிள்ளைக்குக் கை தூக்க உரிமை இல்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை எழுந்து, நம்ம கண்மாய்க்கு வரத்துக் கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று கேட்பதைத் தடுக்கிற சட்டம் எதுவும் எனக்குத் தெரிந்து இல்லை. அப்போது ‘என்னா அறிவு’ என்று யாரும் கைதட்ட வேண்டாம். ‘யாரு சொல்லிக் குடுத்தா’ என்றும் கேட்க வேண்டாம். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அந்தப் பிள்ளையோடு கால்வாய் வரைக்கும் நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தால் போதும்.