பொய்ச்சாட்சியின் இலக்கியம்

1897-ஆம் ஆண்டு ஏப்ரல் 19. உயிர்ப்புப் பெருவிழாவுக்கு அடுத்த திங்கட்கிழமை. அன்று மாலை பாரிசின் புவியியல் கழக மண்டபம் நிறைந்திருந்தது. குருக்களும் இருந்தனர், குருக்களைத் தூற்றியே பிழைத்த பத்திரிகையாளரும் இருந்தனர். கைத்தடிகளையும் குடைகளையும் வாயிலில் ஒப்படைத்துவிட்டே உள்ளே வரவேண்டும் என்பது ஏற்பாடு. அதன் காரணம் பேச்சு முடிந்தபோதுதான் எல்லாருக்கும் விளங்கிற்று.

டயானா வாகன் என்ற பெண்மணி முதன்முறையாகப் பொதுமக்கள்முன் தோன்றுவார் என்று அறிவித்திருந்தார்கள். ஃபிரீமேசன் சங்கத்தின் உள்ளறையில் சாத்தானை வழிபட்டவர், ஜோன் ஆஃப் ஆர்க்கின் பரிந்துரையால் மனந்திரும்பியவர் என்று கத்தோலிக்க உலகம் அவரை அறிந்திருந்தது. அவருக்காக மடங்களில் செபித்தனர். ஆனால் மேடையேறியவர் லெயோ தாக்சில் என்ற எழுத்தாளர். சாத்தானை வழிபடும் அப்படியொரு சங்கமே இல்லை என்றார். டயானா வாகன் மாதம் 150 பிராங்கு ஊதியத்துக்குத் தமக்குத் தட்டச்சு செய்து தந்த பெண் என்றார். பன்னிரண்டு ஆண்டுகளாகத் தாம் ஏமாற்றி வந்ததையும், அதற்குத் துணைநின்ற கத்தோலிக்கப் பத்திரிகைகளுக்கும் ஆயர்களுக்கும் தாம் பட்ட கடனையும் சிரித்துக்கொண்டே எடுத்துரைத்தார். கூச்சலுக்கிடையே காவலர் துணையோடுதான் அவரால் வெளியேற முடிந்தது. அன்று திரையில் ஒரு நிழற்படமும் காட்டப்பட்டது. அதைப் பிறகு பார்ப்போம்.

இந்த நிகழ்ச்சியை நம்மவர் அதிகம் பேசுவதில்லை. பேசினாலும், தாக்சில் ஓர் அயோக்கியன் என்பதோடு முடித்துக்கொள்கிறோம். அயோக்கியன்தான், ஐயமில்லை. ஆனால் எழுதியவனை மட்டும் பழித்துவிட்டு வாசித்தவர்களை விட்டுவிடும் திறனாய்வு அரைத் திறனாய்வு. அந்த வாசகர் நாம்.

ஃபிரீமேசன் சங்கம் என்பதுதான் என்ன? 1717-இல் இலண்டன் மதுவிடுதி ஒன்றில் நான்கு குழுக்கள் கூடி ஒன்றிணைந்ததாக அவர்களுடைய மரபு சொல்லும். கல்தச்சரின் கவராயமும் மூலைமட்டமும் அவர்களுக்கு அடையாளங்கள். சாலமோன் ஆலயத்தைக் கட்டிய ஈராமின் கதையை வைத்துச் சடங்குகள் உண்டு. பழகுநர், தோழர், ஆசான் என்று மூன்று படிகள். கூடுமிடத்துக்கு லாட்ஜ் என்று பெயர். நம் பேருந்து நிலையத்தருகே உள்ள லாட்ஜுகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கைகுலுக்கும் விதமும் சில அடையாளச் சொற்களும்தாம் ஆணையிட்டுக் காக்கப்பட்ட இரகசியம். அதையும் 1730-இலேயே சாமுவேல் பிரிச்சர்ட் என்பவர் சிறுநூலாக அச்சிட்டு இலண்டனில் விற்றுவிட்டார். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளாகக் கடையில் கிடைக்கும் இரகசியம் அது!

திருச்சபை இச்சங்கத்தை எதிர்த்ததற்குத் தக்க காரணங்கள் உண்டு. 1738-இல் திருத்தந்தை 12-ஆம் கிளமெந்து, எல்லாச் சமயத்தாரும் ஒன்றாய்ச் சேர்ந்து ஆணையிட்டு மறைவில் கூடுவதைக் கண்டித்தார். தமக்குத் தெரிந்த வேறு நியாயமான காரணங்களும் உண்டு என்று அம்மடல் சேர்த்துக்கொண்டது. இரகசியத்தைக் கண்டித்த மடலும் தன் காரணங்களுள் சிலவற்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டதைப் பார்த்து நாம் புன்னகைக்கலாம். 1884-இல் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் வெளியிட்ட சுற்றுமடல் இன்னும் விரிவானது. இறைவெளிப்பாட்டை ஒதுக்கிவிட்டு, மனித அறிவையே அளவுகோலாகக் கொண்டு சமுதாயத்தைக் கட்ட முனையும் கொள்கையை அது எதிர்த்தது. அச்சங்கத்தின் உண்மை முகத்தை மக்களுக்குக் காட்டுமாறு ஆயர்களைக் கேட்டுக்கொண்டது.

பிரான்சில் அந்தக் கண்டனத்துக்கு நேரடியான நிலைமையும் இருந்தது. அங்குள்ள பெரிய மேசன் அமைப்பு 1877-இல் கடவுள் நம்பிக்கை என்ற நிபந்தனையையே தன் விதிகளிலிருந்து நீக்கிற்று. இங்கிலாந்து மேசன்கள் அதனோடு உறவை முறித்துக்கொண்டனர் என்பது நம்மவர் பலர் அறியாதது. 1880-இல் துறவறச் சபைகள் வெளியேற்றப்பட்டன. அடுத்த ஈராண்டுகளில் பள்ளிகளிலிருந்து மறைக்கல்வியை அகற்றும் சட்டங்களைக் கொணர்ந்த ஜூல் ஃபெரி ஒரு மேசன். ஆக, கத்தோலிக்கரின் ஐயம் வெறுங்காற்றில் முளைத்ததன்று. புண்பட்டிருந்த மக்கள் அவர்கள். புண்பட்டவனிடம் பகைவனைப் பற்றி எதைச் சொன்னாலும் விலைபோகும். தாக்சில் அதை அறிந்திருந்தார்.

அவருடைய இயற்பெயர் கபிரியேல் ஜோகான். 1854-இல் மார்சேய் நகரில் பிறந்து, இயேசு சபையினரிடம் பயின்று, பின்னர் திருச்சபையை ஏசும் மலிவு நூல்களால் பிழைத்தவர். 1881-இல் மேசன் சங்கத்தில் சேர்ந்து முதற்படியைத் தாண்டுமுன்பே நீக்கப்பட்டார். 1885-இல், சுற்றுமடல் வெளிவந்த மறு ஆண்டே, மனந்திரும்பியதாக அறிவித்து மேசன்களின் மறைபொருளை எழுதத் தொடங்கினார். 1887-இல் திருத்தந்தையே அவரைச் சந்தித்தார்.

அவர் படைப்புகளுள் உச்சம் 'பத்தொன்பதாம் நூற்றாண்டில் சாத்தான்'. டாக்டர் பத்தாய் என்ற புனைபெயரில், ஒரு நண்பரின் துணையோடு, 1892 முதல் பகுதி பகுதியாக வெளிவந்தது. கப்பல் மருத்துவர் ஒருவர் உலகெங்கும் சுற்றி, சாத்தான் வழிபாட்டை நேரில் கண்டு எழுதுவதாக அமைப்பு. அமெரிக்காவின் சார்ல்ஸ்டன் நகரில் சாத்தானின் திருத்தந்தையாக ஆல்பர்ட் பைக் வீற்றிருக்கிறார். பைக் உண்மையில் வாழ்ந்த மேசன் தலைவர். ஆனால் 1891-இலேயே இறந்துவிட்டார், மறுப்பதற்கு ஆளில்லை. ஜிப்ரால்டர் பாறைக்கடியில் நஞ்சு காய்ச்சும் பட்டறைகள். ஓரிடத்தில் பேய் முதலை வடிவெடுத்து வந்து பியானோ வாசிக்கிறது. இதையும் படித்த பின்னரே மக்கள் நம்பினார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

நமக்கு அருகிலும் அந்த மருத்துவர் வருகிறார். இலங்கையின் காலித் துறைமுகத்திலும், நம் புதுச்சேரியிலும், கல்கத்தாவிலும் சாத்தானின் அடியாரைக் காண்கிறார். அப்பக்கங்களைப் புதுச்சேரிக்காரர் எவரேனும் படித்திருந்தால் சிரித்துவிட்டுத் தூக்கிப் போட்டிருப்பார். பாரிஸ் வாசகரோ புதுச்சேரியைக் கண்டதில்லை. தாக்சிலின் கலை இதுதான். வாசகன் சென்று பார்க்க முடியாத இடத்தில் கதையை வைப்பது. எதையும் செய்யக்கூடியவர்கள் என்று வாசகன் முன்பே எண்ணியிருக்கும் மனிதரை அதில் உலவ விடுவது. கடல்கடந்த பழுப்பு நிற மனிதரும் அண்டைத் தெரு மேசனும் அவ்வகையில் ஒன்றாகிவிட்டனர். நம் முன்னோரின் தெருக்களும் இப்பொய்க்குச் செங்கல்லாக உதவின என்பது நமக்குக் கசப்பான செய்தி.

எழுத்து என்ற முறையில் இது தாழ்ந்த தரமே. பாத்திரங்களுக்கு உள்ளம் இல்லை. எவரும் ஐயுறுவதில்லை, எவரும் சலிப்பதில்லை, ஒருவர்கூடத் தம் மனைவிமக்களை நினைப்பதில்லை. மனிதர் இல்லாத இவ்வெழுத்தை ஒரு சாட்சியத்தின் தோற்றம் தாங்கிப் பிடித்தது. மேசன்கள் மறுத்தால், மறைப்பவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று மறுப்பே சான்றாயிற்று. மறுக்காவிட்டால் மௌனம் சான்றாயிற்று. பாம்பென்று தாண்டவும் முடியாமல் பழுதென்று மிதிக்கவும் முடியாமல் நின்றவர் பலர்; அவர்களுள் பெரும்பாலோர் பாம்பென்றே வைத்துக்கொண்டனர். இரகசியம் காப்பவர்களும் இதற்கு ஓரளவு பொறுப்பு என்றே கருதுகிறோம். கதவை மூடிக்கொண்டவன், வெளியே நிற்பவன் கதை கட்டுகிறான் என்று முழுமையாக வியக்க முடியாது. ஆயினும் மூடிய கதவு ஒரு கேள்விக்கு இடம் தரும், தீர்ப்புக்கு இடம் தராது.

ஏமாறாதவர்களும் இருந்தனர். ஆங்கிலேயரான ஏ. இ. வெய்ட் 1896-இல் ஒரு நூல் எழுதி, இக்கதைகளின் முரண்பாடுகளை ஒவ்வொன்றாக எடுத்துக்காட்டினார். நம்மிடையே, செருமானிய இயேசு சபைக் குரு ஹெர்மன் குரூபர் இம்மோசடியை வெளிப்படையாக எதிர்த்தார். அதே ஆண்டு செப்டம்பரில் திரெந்து நகரில் கூடிய மேசன் எதிர்ப்பு மாநாட்டில், டயானா வாகன் என்றொருவர் உண்மையில் இருக்கிறாரா என்று செருமானியப் பிரதிநிதிகள் கேட்டனர். தாக்சில் எழுந்து உணர்ச்சி பொங்கப் பேசினார். கைதட்டல் அவருக்கே கிடைத்தது. பின்னர் உரோமைக் குழு ஒன்று ஆராய்ந்து, இருக்கிறார் என்பதற்கும் இல்லை என்பதற்கும் உறுதியான சான்று இல்லை என்று 1897 சனவரியில் அறிவித்தது. அதற்குள் டயானாவின் பெயரில் வந்த நற்கருணை நவநாள் நூலுக்குக் கர்தினால் பரோக்கியின் பாராட்டு மடலும் கிடைத்திருந்தது.

இத்தாலிய எழுத்தாளர் உம்பெர்த்தோ எக்கோ 2010-இல் வெளியிட்ட 'பிராகு இடுகாடு' என்னும் புதினத்தில் தாக்சிலும் ஒரு பாத்திரம். பொய்யைப் பொறுமையாய்ச் செய்து அடுக்கும் கைத்தொழிலை எக்கோ நுட்பமாய்க் காட்டுகிறார். ஆனால் அவர் கண் பொய் செய்பவன்மேலேயே நிலைத்திருக்கிறது. நம்பி ஏமாந்த ஒருவரின் உள்ளத்தைக் காண, நாம் லிசியே நகரத்துக் கார்மேல் மடத்துக்குச் செல்ல வேண்டும்.

அங்கே 1896-இல் குழந்தை இயேசுவின் தெரேசாளுக்கு வயது 23. அவ்வாண்டு புனித வெள்ளியன்று முதன்முறையாக இரத்தம் கக்கினார். உயிர்ப்பு நாள்களிலிருந்து அவருடைய விசுவாசத்தை இருள் சூழ்ந்தது. அந்நிலையில் டயானாவின் மனமாற்றம் மடத்தில் பேச்சாயிற்று. மடத்தலைவியின் விழாவுக்காகத் தெரேசா ஒரு சிறு நாடகம் எழுதினார். 'தாழ்ச்சியின் வெற்றி' என்று பெயர். சூன் 21 அன்று அது நடிக்கப்பட்டது. அதிதூதர் மிக்கேலின் தயவால், பேய்களின் பேச்சு கன்னியரின் காதில் விழுகிறது. டயானாவை இழந்த கலக்கம் அதில் தெரிகிறது.

இங்கேதான் நாம் சற்று நிற்க வேண்டும். தெரேசாளின் கைக்கு வந்தது தாக்சிலின் சரக்கு. அதில் முதலையையும் நஞ்சுப் பட்டறையையும் தேடினால் நாடகத்தில் கிடைக்காது. பேய்கள் உண்மையில் அஞ்சுவது மடத்தின் உள்ளே எவரும் காணாமல் வாழப்படும் தாழ்ச்சிக்கு. எதிரி எங்கோ சார்ல்ஸ்டனில் இல்லை. பெருமை என்ற பெயரில் நம் அறையிலேயே இருக்கிறான் என்று நாடகம் திருப்பிவிடுகிறது. டயானாவின் பெயரை எடுத்துவிட்டால் இந்நாடகம் விழுமா? விழாது என்பது நம் எண்ணம். பொய்யான விதையிலிருந்து அவர் வளர்த்தது பொய்யன்று.

டயானாவுக்குக் கவிதை எழுதி அனுப்பவும் தெரேசாளைக் கேட்டனர். அவருக்கு வரிகள் வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு நிழற்படம் சென்றது. மடத்து நாடகத்தில் அவர் சிறைப்பட்ட ஜோன் ஆஃப் ஆர்க்காகவும், உடன்பிறந்த செலின் புனித கத்தரீனம்மாளாகவும் தோன்றிய படம். நன்றி கூறி டயானாவிடமிருந்து பதில் மடலும் வந்தது. 1897 ஏப்ரல் 19 மாலை, பாரிஸ் மண்டபத்தின் திரையில் தாக்சில் காட்டிய படம் அதுவே.

செய்தி லிசியேக்கு எட்டியபோது தெரேசா அம்மடலைக் கிழித்துத் தோட்டத்து எருக்குழியில் எறிந்தார். அவர் இறக்க ஐந்து மாதங்களே இருந்தன. அவ்வாண்டு சூன் மாதத்தில் எழுதிய பக்கங்களில், விசுவாசமே இல்லாத மனிதர் உண்மையில் இருக்கக்கூடும் என்று முன்பு தம்மால் நம்ப முடியவில்லை என்றும், இப்போது நம்புவதாகவும் எழுதுகிறார். அவர்களைச் சகோதரர் என்றே அழைக்கிறார். அவர்களோடு ஒரே பந்தியில் அமர்ந்து துயரத்தின் அப்பத்தை உண்ணச் சம்மதிக்கிறார். தாக்சிலின் பெயர் அங்கில்லை. இருந்தாலும், அப்பந்தியில் அவனுக்கும் ஓர் இடம் விடப்பட்டிருப்பதாகவே நமக்குத் தோன்றுகிறது.

தாக்சில் 1907-இல் இறந்தார். அவர் கட்டிய கதை இறக்கவில்லை. தாமே ஒப்புக்கொண்ட பொய்களைப் பின்வந்தவர்கள் உண்மையென்று மீண்டும் அச்சிட்டனர். ஸ்பெயினில் 1940 மார்ச்சு முதல் நாள் பிராங்கோ அரசு மேசன்களுக்கெதிராகத் தனிச் சட்டமே இயற்றிற்று. மேசனாய் இருந்த குற்றத்துக்காகவே பலர் சிறை சென்றனர். அவர்களைச் சிறைக்கு அனுப்பியோர் ஞாயிறு தவறாமல் திருப்பலி கண்டவர்கள். எட்டாம் கட்டளைக்குப் பகைவரைப் பற்றிய விதிவிலக்கு ஏதும் சீனாய் மலையில் எழுதப்பட்டதாக நாம் படித்ததில்லை.

கொள்கை வேறுபாடு இன்றும் இருக்கிறது. அதை மழுப்ப வேண்டியதில்லை. 1983-இன் புதிய திருச்சபைச் சட்டம் மேசன்களைப் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. எனினும் கத்தோலிக்கர் அதில் சேர்வதற்கான தடை மாறவில்லை என்று அவ்வாண்டு நவம்பரில் உரோமை விளக்கிற்று. 2023 நவம்பரில் பிலிப்பைன்ஸ் ஆயர் ஒருவருக்கு அளித்த பதிலில் அதை மீண்டும் உறுதிசெய்தது. இரு ஆவணங்களும் சொல்வது கொள்கைப் பொருத்தமின்மையை மட்டுமே. பேயும் இல்லை, நஞ்சும் இல்லை.

பொய்ச்சாட்சியின் மறுமுனையில் நிற்பது எப்படியிருக்கும் என்பதையும் நம்மவர் அறிந்ததுண்டு. 1882-இல் அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில் அருட்தந்தை மைக்கேல் மக்கிவ்னி 'கொலம்பஸ் மாவீரர்' என்ற சங்கத்தைத் தொடங்கினார். குடும்பத் தலைவன் இறந்தால் கைம்பெண்ணும் பிள்ளைகளும் தெருவில் நிற்காதிருக்கக் காப்பீடு தருவது அதன் நோக்கம். கத்தோலிக்கத் தொழிலாளர் அந்த உதவிக்காக மேசன் போன்ற சங்கங்களை நாடாதிருக்க அதற்கும் படிகள், சடங்குகள், அடையாளச் சொற்கள் எல்லாம் வைத்தார்கள். 1900-இல் ஏற்பட்ட நான்காம் படியாரிடம் வாளும் இருந்தது. கதவு மூடியிருந்தது; வாள் இருந்தது. வெளியே நின்றவர்களுக்கு அதுவே போதும்.

1912 வாக்கில் நான்காம் படியாரின் இரகசிய ஆணை என்று ஒரு தாள் நாடெங்கும் சுற்றத் தொடங்கியது. சமயம் மாறியவர்களை எரிப்பேன், தூக்கிலிடுவேன், பச்சிளங்குழந்தைகளையும் விடேன் என்று மாவீரர் சபதம் செய்வதாக அது கூறிற்று. தேர்தலில் தோற்ற ஒருவர், இப்பொய்த்தாளைத் தமக்கெதிராகப் பரப்பினார்கள் என்று முறையிட, சான்றுப் பொருளாக அது 1913 பிப்ரவரி 15 நாளிட்ட அமெரிக்க நாடாளுமன்றப் பதிவேட்டில் அச்சாயிற்று. அதன்பின் பரப்பியவர்களுக்கு எளிதாகப் போயிற்று: நாடாளுமன்றப் பதிவேட்டிலேயே இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள்! 1928-இல் கத்தோலிக்கரான ஆல் ஸ்மித் குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்றபோது மீண்டும் அத்தாள் வெளிவந்தது.

1914-இல் கலிபோர்னியாவில் மாவீரர் சங்கத்தார் ஒரு முடிவெடுத்தனர். தங்கள் சடங்குகள், ஆணைகள், உறுதிமொழிகள் அனைத்தின் முழுப் படியையும் வெளியார் குழு ஒன்றின் கையில் கொடுத்து, ஆராய்ந்து சொல்லுமாறு கேட்டனர். குழுவினர் படித்தனர். சுற்றிவந்த தாளுக்கும் உண்மையான உறுதிமொழிக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. அதில் இருப்பது விசுவாசப் பற்றும் நாட்டுப் பற்றுமே என்று எழுதிக் கையெழுத்திட்டனர். அக்குழுவினர் அனைவரும் அம்மாநிலத்தின் உயர்படி ஃபிரீமேசன்கள்.