வெல்டருக்கு எதைக் கற்றுத் தருகிறோம்?

இரும்போடு இரும்பைச் சேர்ப்பது எளிய வேலை என்று நினைப்பவர்கள் பலர். ஐ.டி.ஐ.யில் ஓராண்டு, இல்லாவிட்டால் தெரிந்தவர் பட்டறையில் ஆறு மாதம். பிறகு கையில் ஒரு ஹோல்டர், கண்ணுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி, அவ்வளவுதானே என்பார்கள். எட்டாம் வகுப்போ பத்தாம் வகுப்போ முடித்துவிட்டு இத்தொழிலுக்குப் போகலாமா என்று யோசிப்பவரா நீங்கள்? அப்படியானால் இக்கட்டுரை உங்களுக்காகவே எழுதப்படுகிறது. உங்களைத் தடுப்பது என் நோக்கம் அன்று. தொழில் நல்ல தொழில்தான். அதைக் கற்பிக்கும் முறையில்தான் எனக்கு மனக்குறை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுவோம். கைப்பழக்கம் என்ற ஒன்றை நம் பயிற்சி நிலையங்கள் நன்றாகவே தருகின்றன. மின்வில்லை அணையாமல் பிடிப்பது, ராடு கரையக் கரையக் கையை இறக்குவது, ஒரே அகலத்தில் ரன் போடுவது ஆகியவை தகடு தகடாகச் செய்துதான் வரும். மூன்று மாதம் முடிந்த மாணவன் சிப்பிங் சுத்தியால் கசடைத் தட்டியதும், அடியில் மீன் செதில்போல் அடுக்கடுக்காகப் பற்று பளபளக்கும். ஆசிரியர் பார்க்கிறார், நன்று என்கிறார், மதிப்பெண் போடுகிறார்.

குறை அங்கேதான் தொடங்குகிறது. பார்க்க நன்றாயிருக்கும் பற்று, உள்ளேயும் நன்றாயிருக்கும் என்பதற்கு என்ன உறுதி?

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஐப்பசி மாதம், ஒரு பயிற்சிப் பட்டறைக்குப் போயிருந்தேன். வெளியே அடைமழை. ராடுப் பொட்டலங்கள் பிரித்தபடியே சன்னல் திட்டில் கிடந்தன. "ஈரம் ஏறாதா?" என்று கேட்டேன். பயிற்சியாளர் சிரித்தார். ஒரு ராடை ஹோல்டரில் மாட்டி, மேசை இரும்பில் ஒட்டவைத்து, அது சிவக்கும் வரை மின்சாரம் பாய்ச்சி எடுத்தார். "பாருங்க சார், ஈரம் போச்சு" என்றார். சுற்றி நின்ற பதினைந்து மாணவர்களும் அதைப் பாடமாக ஏற்றுக்கொண்டார்கள். உண்மையில் போனது ஈரம் மட்டுமன்று. ராடின் மேற்பூச்சும் வெந்து கெட்டுப்போயிற்று. உருகிய எஃகைக் காற்றிலிருந்து காப்பதே அந்தப் பூச்சின் வேலை.

ஈரத்துக்கு ஏன் இவ்வளவு அஞ்ச வேண்டும்? ஈரம் என்பது நீர். நீரில் ஹைட்ரஜன் உண்டு. மின்வில்லின் சூடு பல ஆயிரம் டிகிரி. அந்தச் சூட்டில் நீர் பிரிந்து, ஹைட்ரஜன் அணுக்கள் உருகிய எஃகில் கரைந்துவிடுகின்றன. எஃகு ஆறி இறுகும்போது அவ்வளவு ஹைட்ரஜனை அதனால் வைத்துக்கொள்ள முடியாது. ஒரு பகுதி வெளியேறும். மீதி உள்ளே சிக்கிக்கொண்டு, பற்றின் ஓரத்துக்கு மெல்ல நகரும்.

அந்த ஓரத்தில் நடப்பதைப் புரிந்துகொள்ளக் கொல்லர் பட்டறையை நினைத்துக்கொள்ளுங்கள். பழுத்த அரிவாளைத் தண்ணீரில் தோய்த்தால் அது கடினமாகிறது. கூடவே எளிதில் உடையும் குணமும் வருகிறது. கனமான தகட்டில் பற்றவைக்கும்போது தண்ணீரின் வேலையைத் தகடே செய்கிறது. சுற்றியுள்ள குளிர்ந்த இரும்பு சூட்டைச் சட்டென்று இழுத்துக்கொள்வதால் பற்றின் ஓரம் தோய்த்த அரிவாள்போல் ஆகிவிடும். எஃகில் கரி மிகுந்திருந்தால் இது இன்னும் அதிகம். ஆறும் பற்று சுருங்கி அந்த ஓரத்தை இழுக்கிறது. கடினத்தன்மை, இழுப்பு, ஹைட்ரஜன் மூன்றும் ஓரிடத்தில் கூடினால் விரிசல் விழும். அதுவும் உடனே விழாது. சில மணி நேரம், சில சமயம் ஓரிரு நாள் கழித்துத்தான் விழும். வலுமிக்க எஃகு வேலைகளில் 48 மணி நேரம் காத்திருந்து சோதிப்பது இதனால்தான். மதிப்பெண் போட்ட ஆசிரியர் வீட்டுக்குப் போன பிறகு விழும் விரிசலை யார் பார்ப்பது?

இதைத் தடுப்பதற்கென்றே ஈ 7018 என்ற ராடு இருக்கிறது. மாணவர்களைக் கேட்டால், "அது கஷ்டமான ராடு சார், ஒட்டிக்கும்" என்பார்கள். எண்ணின் பொருளைக் கேட்டால் விழிப்பார்கள். முதல் 70, சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு இழுவலிமை. அடுத்த 1, எந்த நிலையிலும் பற்றவைக்கலாம் என்பது. கடைசி 8, ஹைட்ரஜன் குறைந்த பூச்சு என்பது. பொட்டலத்தைப் பிரித்துச் சில மணி நேரம் திறந்து வைத்தாலே அந்த 8-க்குப் பொருளில்லை. பிறகு அடுப்பிலிட்டு, பொதுவாக 250 முதல் 350 டிகிரி செல்சியசில் ஒன்றிரண்டு மணி நேரம் உலர்த்த வேண்டும்.

இவை பாடத்தில் இல்லையா என்பீர்கள். இருக்கின்றன. ஆனால் வகுப்பறையில் நான்கு விடைகளில் ஒன்றாக இருக்கின்றன, பட்டறையில் இல்லை. கிரில் கதவு செய்பவருக்கு இது பெரிதும் தேவைப்படாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மெல்லிய சாதா எஃகு பல தவறுகளைப் பொறுத்துக்கொள்ளும். அதே இளைஞர் துவாக்குடியில் கொதிகலன் பாகம் செய்யும் வேலைக்கோ ஒரு பாலத்து வேலைக்கோ போகும்போதுதான் சிக்கல். திருச்சியிலே 1975 முதல் பற்றவைப்பு ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே தெரிந்திருப்பது பக்கத்து ஊர்ப் பட்டறையின் சன்னல் திட்டுவரை வந்து சேரவில்லையே!

எட்டாவது படித்த பையனுக்கு உலோகவியல் எதற்கு என்று சில ஆசிரியர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஒரு கப்பலின் கதையைச் சொல்ல வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா ரிவெட்டைப் பெரும்பாலும் கைவிட்டுக் கப்பல்களைப் பற்றவைத்தே கட்டியது. லிபர்ட்டி வகைக் கப்பல்கள் மட்டும் 2,710. புதிதாகச் சேர்ந்த ஆண்களும் பெண்களும் குறுகிய காலப் பயிற்சியோடு வேலைக்கு வந்தார்கள். 1943 ஜனவரி 16 அன்று, ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் துறையில் கட்டியிருந்த ஸ்கெனக்டடி என்ற புத்தம் புதிய எண்ணெய்க் கப்பல், அலையே இல்லாத நீரில், குளிர் இரவில், நடுவே பிளந்தது.

பழி வெல்டர்கள்மேல் விழுந்தது. அது பாதி உண்மைதான். விரிசல் தொடங்கியது குறையுள்ள ஒரு பற்றில். ஆனால் அக்காலத்து எஃகு குறிப்பிட்ட குளிருக்குக் கீழே கண்ணாடிபோல் நொறுங்கக்கூடியது என்பதைக் கேம்பிரிட்ஜில் கான்ஸ்டன்ஸ் டிப்பர் என்ற பெண் விஞ்ஞானி விளக்கிக் காட்டினார். ரிவெட் அடித்த கப்பலில் ஒரு தகட்டின் விரிசல் பெரும்பாலும் அத்தகட்டோடு நின்றுவிடும். பற்றவைத்த கப்பலில் தகடெல்லாம் ஒன்றாகிவிட்டதால் ஓடிக்கொண்டே இருக்கும். இதை அறிந்த வெல்டர், மின்வில் பிடிக்கிறதா என்று பக்கத்துத் தகட்டில் ராடைத் தட்டிப் பார்க்கமாட்டார். அந்தச் சிறு தழும்பும் ஒரு விரிசலுக்கு வாசல் ஆகலாம் அல்லவா?

புகையைப் பற்றியும் ஒரு சொல். பற்றவைப்புப் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2018-இல் வெளியிட்ட தொகுதியிலேயே வகைப்படுத்திவிட்டது. நம் பட்டறைகளிலோ ஒரு டம்ளர் பாலே மருந்து.

பெரிய செலவு எதையும் நான் கேட்கவில்லை. மாணவன் போட்ட பற்றை வாளால் கீறி, வைஸில் பிடித்து, சுத்தியால் உடைத்து உள்ளே பார்க்கட்டும். இன்னொரு துண்டைக் குறுக்கே அறுத்து, எமரித் தாளில் தேய்த்து, ஆல்கஹாலில் கலந்த சிறிதளவு நைட்ரிக் அமிலத்தை ஆசிரியரே கையுறையோடு தடவிக் காட்டட்டும். பற்று ஒரு நிறமாகவும், சூடு தின்ற ஓரம் வேறொரு நிறமாகவும் கண்முன் பிரிந்து தெரியும். ஓராண்டு வகுப்பில் விளங்காதது ஐந்து நிமிடத்தில் விளங்கும்.

எந்த நிலையத்தில் சேரலாம் என்று பார்க்கப் போகிறீர்களா? சுவரில் மாட்டிய சான்றிதழ்களை அப்புறம் பார்க்கலாம். ராடுகளை எங்கே வைக்கிறீர்கள் என்று முதலில் கேளுங்கள். பிறகு, மாணவர்கள் உடைத்துப் பார்த்த துண்டுகள் கிடக்கும் பெட்டியைக் காட்டச் சொல்லுங்கள்.