பாலடின்: விதியிலிருந்து சூளுக்கு

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும் மேசைப் பாத்திரமேற்பு விளையாட்டில், பாலடின் எனப்படும் புனித வீரன் 1975இல் வெளிவந்த கிரேஹாக் துணைநூலில் அறிமுகமானான். அவனது ஆளுமைக் கவர்ச்சி 17க்குக் குறையலாகாது என்பது விதி. மூன்று பகடைகளை உருட்டி 17ஐயோ 18ஐயோ பெறும் வாய்ப்பு 216இல் 4 மட்டுமே. எளிதில் வாய்க்காமையே அவனது புனிதத்தின் முதல் அடையாளம்.

1978ஆம் ஆண்டின் ஆட்டக்காரர் கையேடு இன்னும் கடுமையானது. மனிதர் மட்டுமே பாலடின் ஆகலாம். அறிந்தே தீச்செயல் புரிந்தால் அந்நிலை மீளாதவாறு பறிபோகும். எஞ்சுபவன் வெறும் போர்வீரன். எது தீச்செயல் என்று முடிவுசெய்பவரோ ஆட்டநடத்துநர். ஆட்டக்காரர் ஏற்ற பாத்திரத்தின் மனச்சான்று இவ்வாறு பிறர் கையில் இருந்தது. பூசல்களுக்கு அது வழிவகுத்தது எனினும், வீழ்ச்சி என்பதற்கு ஒரு கனத்தையும் தந்தது.

2000இல் வந்த மூன்றாம் பதிப்பு இனத்தடையையும் எண்தடையையும் நீக்கியது, அறச்சார்பை விடவில்லை. 2008இன் நான்காம் பதிப்பு அதனையும் தளர்த்தியது. 2014இன் ஐந்தாம் பதிப்பிலோ பக்தி, தொன்மை, பழி ஆகிய சூள்களுள் ஒன்றை ஆட்டக்காரரே தேர்கிறார். பழி கருதிய சூளும் புனிதமாகலாம் என்பது 1978இன் கையேடு நினைத்தும் பாராதது.

இதனை விதித்தளர்வு என்று மட்டும் கொள்வது போதாது. தீர்ப்பின் இருப்பிடமே மாறியுள்ளது. ஆட்டநடத்துநர் இசைந்தால், சூள் முறித்தவனுக்கும் ஐந்தாம் பதிப்பில் தனிவகையும் புதிய ஆற்றல்களும் உண்டு. முன்னர் இழப்பாக இருந்தது இங்கு மற்றொரு தேர்வாகிறது.