பாறையும் புதைபடிவமும்: ஒரு குற்றச்சாட்டைக் குறித்து

மண்ணூர்பேட்டையில் நடைபெற்ற வாலிபர் கூட்டமொன்றில் ஒரு வாதம் மிக உறுதியோடு முன்வைக்கப்பட்டதைக் கேட்டோம். புவியியலார் பாறையின் வயதைப் புதைபடிவத்தைக் கொண்டும், புதைபடிவத்தின் வயதைப் பாறையைக் கொண்டும் கூறுகின்றனர். ஆதலால் இரண்டுமே பொய் என்பது அவ்வாதம். நமது பிரசங்கங்களிலும் துண்டுப் பிரதிகளிலும் இது அடிக்கடி தலைகாட்டுவதால், இதனை ஆராய்வது அவசியமாகிறது.

வட்டமாகச் சுற்றும் வாதம் பிழையானதே; இதில் ஐயமில்லை. ஆனால் இம்முறை அவ்வாறு எழுந்ததன்று. கலையாத படிவுகளில் கீழடுக்கு மூத்தது, மேலடுக்கு இளையது. இவ்வரிசையை நேரில் கண்ட பின்னரே, எவ்விலங்கு எவ்வடுக்கிற்குரியது என்று குறித்தனர். உயிரினங்கள் மாறுகின்றன என்பதை மறுத்த கூவியேதான் 1811இல் புரோங்னியாருடன் இணைந்து பாரிஸ் வட்டாரப் படிவுகளை இவ்வாறு வரிசைப்படுத்தினார்.

மண்ணூர்பேட்டைக்கு மேற்கேயுள்ள திருப்பெரும்புதூர்ப் படிவுகள் தாவரப் பதிவுகளுக்கே பெயர்பெற்றவை. முதுகெலும்பிகளின் சான்றுக்கு நாம் தெலங்கானாவின் மலேரிக்குச் செல்லவேண்டும். நாகபுரியில் ஊழியஞ்செய்து 1863இல் மறைந்த மிஷனெரி ஸ்டீபன் ஹிஸ்லாப், அங்குக் கிடைத்த செரடோடஸ் மீன்பற்களை அறிஞரின் கவனத்திற்குக் கொணர்ந்தார். ஆயினும் அம்மீன்குலம் நெடுங்காலம் நிலைத்தது. அதன் உறவினம் இன்றும் ஆஸ்திரேலியாவில் வாழ்கிறது. ஆகவே அப்பற்கள் மட்டும் காலத்தை நுணுக்கமாக வரையறுக்கமாட்டா. ஹைப்பரோடபிடான் என்னும் ஊர்வனவோ குறுகிய காலமே இருந்தது. ஸ்காட்லாந்தின் எல்ஜின் பகுதி மணற்கல்லில் கிடைத்த அதன் இனமொன்றுக்கு, 1859இல் ஹக்ஸ்லி, ஜார்ஜ் கார்டன் என்னும் ஆயரின் பெயரைச் சூட்டினார். டிவோனியன் காலத்தது என்று கருதப்பட்ட அம்மணற்கல், இத்தகைய ஊர்வனவற்றின் சான்றால் டிரையாசிக் காலத்தது எனப் பின்னர்த் திருத்தப்பட்டது. மலேரியிலும் அவ்விலங்கு உண்டென 1869இல் ஹக்ஸ்லி எடுத்துக்காட்டினார்.

வரிசை மட்டும் ஆண்டுக்கணக்கைத் தராது. அதனைத் தருவது வேறொரு சான்று. அர்ஜென்டினாவின் இஷிகுவாலாஸ்தோவிலும் ஹைப்பரோடபிடான் கிடைக்கிறது. அங்குள்ள எரிமலைச் சாம்பலில் பொட்டாசியம் ஆர்கானாகச் சிதைந்துள்ள அளவு ஏறத்தாழ 23 கோடி ஆண்டுகளைக் காட்டுகிறது. இக்கணக்கிற்கு எலும்பின் துணை தேவையில்லை. வட்டம் இங்கே அறுபடுகிறது.

அக்கூட்டத்திற்கு வந்த வாலிபருள் பலர் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் உழைப்பவர்கள். ஒரு கருவியின் அளவை மற்றொரு கருவியால் சரிபார்ப்பது அவர்களுக்கு அன்றாட வேலை. நாம் ஆராயாமல் கூறியதை அவர்கள் நாளை கண்டுகொள்வார்களாயின், உயிர்த்தெழுதலைக் குறித்த நமது சாட்சியை எவ்வாறு நம்புவர்? கடவுளின் பக்கம் நின்று வழக்காடுவதாக எண்ணிப் பொய்யுரைத்த நண்பர்களை யோபு கடிந்துகொண்டதை நாம் மறக்கலாகாது. ஆதியாகமத்தை விளக்குவதில் நம்மிடையே வேறுபாடு இருக்கலாம். ஆனால் பிறர் செய்யாத பிழையை அவர்கள்மேல் சுமத்த ஆயர்களாகிய நமக்கு உரிமையில்லை.