துடைப்பம் மேடையேறிய கதை

1973, பெரு. எழுதப் படிக்கத் தெரியாத மனைவியிடம் கணவன் சில தாள்களைப் பத்திரப்படுத்தச் சொல்கிறான். பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்டால், எல்லாம் அவன் காதலி எழுதிய கடிதங்கள்! நாடகத்தை அங்கே நிறுத்தி, அவள் என்ன செய்ய வேண்டும் என்று கூட்டத்தையே கேட்டார் பிரேசில் இயக்குநர் அகஸ்டோ போவால். தெளிவாகப் பேசிவிட்டு மன்னிக்க வேண்டும் என்றார் ஒரு பெண். நடிகை எப்படிப் பேசிக் காட்டியும் அவருக்குத் திருப்தியில்லை. கடைசியில் அவரே மேடையேறினார். துடைப்பத்தை எடுத்துக் கணவனாக நடித்தவரை விளாசிய பிறகே மன்னித்தார்.

பார்வையாளரே மேடையேறித் தீர்வை நடித்துக் காட்டும் போவாலின் விவாத அரங்கு அங்கே பிறந்தது. தன் கற்பனையைப் பார்வையாளர் கையில் விட்டுக்கொடுக்கும் துணிச்சல் எத்தனை இயக்குநர்களுக்கு வரும்?

அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பு, 1971இல், பிரேசிலின் ராணுவ ஆட்சி அவரைக் கைதுசெய்து சித்திரவதை செய்தது. நாடு கடந்து வாழ்ந்து, பின்னர் பாரிஸ் வந்தபோது, அங்கே பயிற்சிக்கு வந்தவர்கள் சொன்ன துயரங்களோ தனிமையும் வெறுமையும். அடக்குபவன் அவர்கள் தலைக்குள்ளேயே போலீஸ்காரனாக உட்கார்ந்திருக்கிறான் என்று அவர் கண்டுகொண்டார். ஒருவரை அதட்டும் அந்த உள்குரல்களுக்கு மற்றவர்கள் உடல் கொடுத்து நிற்க, அந்த நபரே அவற்றோடு நேருக்கு நேர் வாதாடுவார். உளசிகிச்சைக்கு நாடகம் தந்த அருமையான கருவி இது.

1993 முதல் 1996 வரை ரியோ நகரமன்ற உறுப்பினராக இருந்த போவால், மக்கள் நடித்துக் காட்டிய குறைகளிலிருந்து 13 சட்டங்களைக் கொண்டுவந்தார். மேற்கு வங்கக் கிராமங்களில் 'ஜன சன்ஸ்கிருதி' குழு 1985 முதல் இயங்கி வருகிறது. போவால் வகுத்த முறையில்தான் இன்றும் நாடகம் போடுகிறது.